தூர எறிவது

தாயில்பட்டியில் எங்கள் வீட்டின் பின்புறம், குளிக்கிற கல்லை ஒட்டி, ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதை யாரும் நட்டதாக நினைவில்லை. பழம் தின்ற ஏதோ ஒரு பறவையின் எச்சத்தோடு விழுந்து முளைத்திருக்க வேண்டும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதன் தூரில்தான் போய் நிற்கும். கரிசல் காடு முழுவதும் வெடித்துக் கிடக்கிற சித்திரையிலும் அது மட்டும் பச்சை வாடாமல் இருப்பதற்கு வேறு ரகசியம் எதுவுமில்லை. தெருவில் எந்த வீட்டில் தாளிப்பு என்றாலும் ஒரு கை அந்த மரத்தை நோக்கி நீளும்.

சென்ற ஆண்டு மாசியில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அந்த மரம் நோய்கண்டிருந்தது. கீழ் இலைகளில் அடுப்புக்கரியைப் பூசியது போல ஒரு கறுப்பு. தொட்டால் விரலில் பிசுக்கு. மேலே, புதிதாக விட்டிருந்த கொழுந்துகளில் வெள்ளை வெள்ளையாய்ச் சுருண்ட நூல் துணுக்குகள். "மரம் வெள்ளை பூத்திருச்சு தாயி. கொழம்புக்கு ஒரு இணுக்குக் கிள்ள முடியல" என்றாள் அம்மா.

நாங்கள் இருவர், அண்ணனும் தங்கையும். மூத்தவன் மதுரையில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். இளையவள் அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். பூச்சிகளைப் பற்றி எங்கள் இருவருக்கும் எந்தப் பாண்டித்தியமும் கிடையாது. இருந்தும், அந்தக் கொழுந்தை ஒடித்துக் குப்பையில் போடுமுன் மூத்தவன் தன் பையிலிருந்த லென்ஸ் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து அதன் வழியே பார்த்தான். (ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பிப் பிடித்தால் அது நல்லதொரு பூதக்கண்ணாடி. படப்பிடிப்புக்காரர்களின் பழைய வித்தை.) பார்த்தவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு லென்ஸைத் தங்கையிடம் நீட்டினான். அதன்பின் ஏழு வாரம், சனி ஞாயிறு தோறும், சாத்தூர் பேருந்தைப் பிடித்துத் தாயில்பட்டிக்கு வந்துகொண்டிருந்தோம். பேரப்பிள்ளைகளுக்குக்கூட இந்த யோகம் வாய்த்ததில்லை என்று அம்மா தெருவில் சொல்லிக்கொண்டாள்.

கொழுந்தில் இருந்தவை எள்ளில் பாதிகூட இல்லாத தட்டையான மஞ்சள் குஞ்சுகள். கண்கள் சிவப்பு. இலைக்காம்பின் இடுக்கில் தலையைக் குத்திக்கொண்டு அசையாமல் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்முனையிலிருந்தும், முறுக்கு உரலிலிருந்து மாவு இறங்குவது போல, ஒரு வெள்ளை நாடா மெல்ல மெல்லச் சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நூல் என்று நினைத்தது அவற்றின் கழிவு. சில்லிட் என்று அழைக்கப்படும் பூச்சி இது; எலுமிச்சை வகை மரங்களின் பெரும் பகை. கறிவேப்பிலையும் அதே குடும்பத்து மரம் என்பதால் அதிலும் குடியேறி முட்டையிட்டுப் பெருகும்.

கழிவு என்று சொன்னாலும் அது இனிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஹனிட்யூ, அதாவது தேன்பனி என்று பெயர். நம்முடைய வேளாண் துண்டறிக்கைகள் 'தேன் போன்ற திரவம்' என்று சொல்லி முடித்துக்கொள்கின்றன. நாங்கள் தேன்கழிவு என்று வைத்துக்கொண்டோம். அம்மா வைத்த பெயர் பூச்சிமோத்திரம். அறிவியலுக்கு நெருக்கமானது அதுதான். இதைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. 2008இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டுப் பிறகு தமிழ்நாடெங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி, 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, இரண்டும் இதே வழக்கம் உடையவை. தென்னை மட்டைகள் புகை படிந்தது போலக் கறுத்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது பூச்சியின் நிறமன்று. மேல் மட்டையிலிருந்து சொட்டிய இனிப்பின்மேல் வளர்ந்த கரும்பூசணம்.

ஏன் இவ்வளவு இனிப்பை வெளியேற்ற வேண்டும் என்று கேட்டால், செடியின் சாறு இவற்றுக்கு ஒரு மோசமான சாப்பாடு என்பதே பதில். இலையில் சமைத்த சர்க்கரையைச் செடி முழுக்க எடுத்துச்செல்லும் குழாய்களில் ஊசி போன்ற வாயைச் செருகி இவை உறிஞ்சுகின்றன. அதில் சர்க்கரை ஏராளம்; உடம்பு வளர்க்க வேண்டிய அமினோ அமிலங்களோ மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக வண்டி வண்டியாய்ச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து மிச்சத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடிக்கிற சாறு பூச்சியின் இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவானது. அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டால் அது உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். உப்பில் போட்ட எலுமிச்சை போலப் பூச்சி வதங்கிவிடும். ஆகவே அதன் குடல் சின்னச் சர்க்கரைகளைக் கோத்துக் கோத்து நீளச் சர்க்கரைகளாக்குகிறது. எண்ணிக்கை குறைந்தால் இழுவை குறையும். இளையவள் இதைத் தன் வகுப்பில் சொன்னபோது, சவ்வூடு பரவலை அதுவரை மதிப்பெண்ணுக்காக மட்டுமே படித்த பையன் ஒருவன் எழுந்து நின்று, "அப்ப அது வயித்துக்குள்ளயே கணக்குப் போடுதா டீச்சர்?" என்று கேட்டானாம்.

கழித்ததை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். எங்களைப் பிடித்துக்கொண்டது அதுதான். வாயைச் செடியில் செருகியபின் இவற்றால் சுலபமாக நகர முடியாது. காலடியில் விட்டால் பசையில் தானே சிக்கிச் சாக வேண்டும், அல்லது பூசணம் பிடித்துச் சாக வேண்டும். வாடை பிடித்துக்கொண்டு எதிரிகள் வேறு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பூச்சியும் ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழிகளைப் படம்பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் போனது மாமாவின் பருத்திக்காட்டுக்கு. வேம்பக்கோட்டை போகிற வழியில் மக்காச்சோளத்துக்கு மாறாமல் இன்னும் பருத்தி போடுகிற ஒருசிலரில் மாமாவும் ஒருவர். மார்கழி தை மாதக் குளிருக்கு வந்த அசுவினி, காய் வெடிக்கிற மாசியிலும் இலையடியில் மிச்சமிருந்தது. "என்ன மாப்ளே, கல்யாண வீடு இல்லன்னு காட்டுக்கு வந்துட்டியா" என்று சிரித்துவிட்டு, பூச்சி அதிகமிருந்த வரிசையைக் காட்டினார்.

அசுவினியின் முறை உதைப்பது. பின்முனையில் ஒரு கண்ணாடி மணி போலத் துளி ஊறும். அது பெருத்ததும் பின்னங்காலைத் தூக்கி ஒரு தட்டு; துளி போய்விடும். ஆனால் எறும்பு இருந்தால் நடப்பதே வேறு. எறும்பு வந்து தன் உணர்கொம்பால் அதன் முதுகை வருடும். அசுவினி துளியை வெளியே தள்ளி, உதைக்காமல், பிடித்துக்கொண்டே நிற்கும். எறும்பு வாய்வைத்து உறிஞ்சிக்கொள்ளும். இதை நம்புவதற்காக இரண்டு செடிகளின் தண்டில் மூத்தவன் வண்டிக்குப் போடும் கிரீஸை வளையமாகப் பூசி எறும்பை மறித்தான். மறுநாள் அந்த இரண்டு செடிகளின் அடியிலும் விரித்திருந்த கறுப்புத் தாளில் பொட்டுப் பொட்டாய் மினுமினுப்பு. எறும்பு ஏறிய செடியின் கீழ்த் தாள் ஏறக்குறையச் சுத்தமாய் இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்போது எறிவதில்லை.

அந்த மினுமினுப்புக்கு மாமா வேறு பெயர் வைத்திருந்தார்: நட்டம். வெடித்த பஞ்சில் இது விழுந்தால் பஞ்சு ஒட்டும். ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும், பிசுக்குப் பஞ்சு உருளைகளில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும். வெள்ளை ஈயின் கழிவு இதில் மிகப் பொல்லாதது. அதில் மிகுதியாக இருக்கும் டிரெஹாலுலோஸ் என்ற சர்க்கரை காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் சூடேறினாலே இளகிவிடும். முந்தின வருஷம் வியாபாரி ஒருவர் மாமாவின் பஞ்சை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் விலையைக் குறைத்துச் சொன்னாராம். "உதைக்கிறது அதுக்கு நல்லதுதான் மாப்ளே. எனக்கில்ல விழுது உதை" என்றார். இந்த முறை மருந்து அடித்துவிட்டிருந்தார்.

மருந்து என்ற சொல்லை எங்கள் ஊரில் யாராவது சொன்னால் எந்த மருந்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வைத்தியர் கொடுப்பது மருந்து. பயிருக்கு அடிப்பது மருந்து. பட்டாசுக்குள் போவதும் மருந்து. மூன்றும் ஒரே வீட்டுக்குள் புழங்குவது உண்டு. 2019இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டு வெளியிட்டார்கள். எலுமிச்சை வகை மரத்துக்குக் கொடுத்த பூச்சிமருந்து சாற்றில் ஏறி, மாவுப்பூச்சியின் தேன்கழிவிலும் இறங்கி, அதைக் குடிக்க வந்த பூ ஈயையும் ஒட்டுண்ணிக் குளவியையும் கொன்றுவிடுகிறது. இரண்டுமே விவசாயிக்கு உதவி செய்பவை. ஒருவருடைய கழிவு இன்னொருவருடைய சாப்பாடு என்பதால் வருகிற வினை இது. மாமாவிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டார். "அப்ப அடிக்காம விட்டா பஞ்சுக்கு யாரு வெல குடுப்பா?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லாததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

படமெடுப்பதில் பட்ட பாட்டையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூத்தவனின் கேமரா நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும். கல்யாணத்தில் அட்சதை விழுவதை மெதுவாக்கிக் காட்டுவதற்கென்று வாங்கியது. அவ்வளவு வேகத்தில் எடுக்க வெளிச்சம் ஏராளமாய் வேண்டும். வீட்டு விளக்கை இழுத்துப் பிடித்தால் படம் முழுக்க ஒளி துடிக்கிறது. நம் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கி எரிகிறது; கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. வெயிலைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் கூடவே காற்றும் எழும். தலைகீழ் லென்ஸில் ஒரு நகக்கண் அளவு இடம்தான் தெரியும் என்பதால் இலை மூச்சுவிட்டாலே பூச்சி காணாமல் போகும். கொழுந்தை மூங்கில் குச்சியில் கட்டி, பின்னால் அம்மாவின் கறுப்புக் குடையை விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விட்டோம். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரைதான் வேலை நடக்கும்.

கேமராவோடு தெருவில் நிற்பது எங்கள் ஊரில் லேசான காரியமன்று. விபத்து நடந்த அடுத்த மணி நேரத்தில் வருபவர்கள் கேமராவோடு வருகிறார்கள். மற்ற நாட்களில் வந்தால் சோதனைக்கு வந்த அதிகாரியாய் இருக்கலாம். பட்டாசு ஆலைக்குள் செல்பேசியே கூடாது. ஆகவே கொல்லையில் முக்காலி நிறுத்திய முதல் நாளே சுவருக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. எதைப் படமெடுக்கிறோம் என்று கேட்டார்கள். சொன்னோம். "பூச்சி மோள்றதையா?" என்று கேட்ட பெரியவர் எங்கள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நாங்கள் பொய் சொல்லவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டதும் மிகவும் வருத்தப்பட்டவர் போல இறங்கிப் போய்விட்டார்.

ஆனால் உலகத்தில் இதைச் செய்கிறவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது. சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஆய்வு செய்யும் சாத் பாம்லா, தன் வீட்டுக் கொல்லையில் ஒரு பூச்சி சிறுநீர் கழிப்பதைப் பார்த்துவிட்டு அதன் பின்னால் போனவர். ஷார்ப்ஷூட்டர் என்று பெயர்பெற்ற ஒருவகைத் தத்துப்பூச்சி அது. வேரிலிருந்து மேலேறும் வெறும் தண்ணீர் போன்ற சாற்றைத் தன் எடையைப்போல முந்நூறு மடங்கு வரை ஒரு நாளில் குடிக்கும். சத்தே இல்லாத சாப்பாடு என்பதால் கழிப்பதற்குச் சக்தியைச் செலவழிக்க அதற்குக் கட்டாது. பீய்ச்சாமல், ஒரு துளியை உருட்டித் திரட்டி, பின்முனையிலிருக்கும் சிறு துடுப்பால் சுண்டிவிடுகிறது. 2023இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையின்படி, துளி அந்தத் துடுப்பைவிட நாற்பது சதவீதம் கூடுதல் வேகத்தில் போகிறது. எறிகிற கையைவிட எறியப்பட்டது வேகமாய்ப் போவது எப்படி? துளி ரப்பர் பந்து போல அமுங்கி விரிகிறது. விரிகிற கணமும் துடுப்பு மேலெழும் கணமும் பொருந்திவிட்டால் துளிக்கு உபரி வேகம் கிடைக்கிறது. கிணற்றுமேல் சாய்ந்த பூவரசங்கிளையின் நுனியிலிருந்து குதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளை எழும்பும்போது எழும்பினால் எதிர்ச்சுவர் வரை போகலாம்; கொஞ்சம் பிந்தினால் காலடியில் விழ வேண்டியதுதான்.

தூங்குமூஞ்சி மரத்தை ஆங்கிலத்தில் மழைமரம் என்று சொல்வதற்குக்கூட இப்படியொரு காரணம் சொல்லப்படுவதுண்டு. 1850களில் பெரு நாட்டில் மரமொன்று மழை பெய்வதைக் கண்ட ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் அண்ணாந்து பார்த்தாராம். கிளையெல்லாம் சிள்வண்டுகள், மழை அவை பெய்தது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு கட்டுரை. இதிலும் சென்னை ஐஐடி மாணவர் ஒருவர் இருக்கிறார்: எல். மகாதேவன். 2002இல் அவரும் மூன்று பேரும் சேர்ந்து எழுதியது. மரத்தில் புடைத்த முடிச்சுக்குள், மூடிய அறை போன்ற இடத்தில், கூட்டமாய் வாழும் அசுவினி வகை ஒன்று உண்டு. அவ்வளவு பேரும் ஓரறைக்குள் கழித்தால் மூழ்கிச் சாக வேண்டியதுதான். அவை தம் உடம்பில் சுரக்கும் மெழுகுத் தூளைக் கழிவின்மேல் தூவி அதை ஒட்டாத கோலிக்குண்டாக்கிவிடுகின்றன. பிறகு அவற்றின் கூட்டத்துக் காவல்வீரர்கள் குண்டுகளை உருட்டிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே தள்ளுகின்றனர். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். "இதுல என்ன இருக்கு, அதிரசம் தட்டுறப்ப கையில ஒட்டாம மாவு தொட்டுக்கிறதில்லையா" என்றாள். தீர்ந்தது. நாங்கள் அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்.

கறிவேப்பிலைச் சில்லிட்டின் குஞ்சுகளும் இதே மெழுகைத்தான் பயன்படுத்துகின்றன. மெழுகு பூசிய நாடாவாகக் கழிவு இறங்குவதால் அது அவற்றின்மேல் ஒட்டுவதில்லை. வளர்ந்த பூச்சிகளைப் பற்றி 2013இல் ஃபுளோரிடாவிலிருந்து வெளியான ஆய்வில் ஒரு வினோதம் சொல்லப்பட்டிருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே இலையில், ஒரே சாற்றைக் குடித்துக்கொண்டு, அக்கம்பக்கமாய் உட்கார்ந்திருக்கும். ஆணிடம் மெழுகு இல்லை. தெளிவான பிசுபிசுத்த துளியை அது தான் உட்கார்ந்த இடத்திலேயே, உடம்புக்குப் பின்னாலேயே விட்டுவிடும். பெண் அப்படிச் செய்வதில்லை. கழிவை மெழுகில் பொதிந்து வெள்ளை உருண்டையாக்கி, பலமாகத் தூர எறிந்துவிடும். முட்டைகள்மீதும் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகள்மீதும் படாமல் இருப்பதற்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

அதை எடுத்தாக வேண்டும் என்று பங்குனி முழுக்க உட்கார்ந்தோம். வளர்ந்த பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். பழுப்புப் புள்ளியிட்ட இறக்கை. தலையை இலையில் தாழ்த்தி வாலைத் தூக்கி, தொழுகையில் குனிந்தது போல உட்காரும். நடுவிலே மடங்கிக் கிடந்த ஒரு துளிர் இலையின் இடுக்கில் மஞ்சள் முட்டைகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பெண். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்துவோம். அதுவோ குடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்தால் எறிந்திருக்கும். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஆறாவது ஞாயிறு காலை கிடைத்தது. திரையில் ஓட்டிப் பார்த்தோம். வால்முனை மெல்ல மேலே வளைகிறது. ஒரு வெள்ளைப் பொடி உருண்டை தோன்றிப் பெருக்கிறது. ஒரு சட்டத்தில் இருக்கிறது. அடுத்த சட்டத்தில் இல்லை. நடுவில் இருந்தது நொடியில் 240இல் ஒரு பங்கு. எறிந்ததைப் பார்க்க எங்கள் கேமராவுக்கு வேகம் போதவில்லை. எறிந்துவிட்டபின் வால்முனை அதிர்ந்து அடங்குவது மட்டும் தெரிந்தது. முட்டைகளின்மேல் ஒரு தூசியும் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஃபயர் ஆபீசுக்குப் போனவள். சங்குசக்கரம் செய்கிற பகுதியில் வேலை. பொழுது சாய வேன் வந்து தெருமுனையில் இறக்கிவிடும்போது முகமும் கைகளும் அலுமினியப் பொடியில் ஈயம் பூசிய பாத்திரம் போல மின்னும். கந்தக வாடை அவளுக்கு முன்னால் வந்துசேரும். அவள் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்ததே இல்லை. பக்கத்துச் சந்து வழியே கொல்லைக்குப் போய்விடுவாள். நாங்கள் ஓடுவோம். கையை நீட்டி மறித்து, "தூரப் போ, கிட்ட வராத" என்று கத்துவாள். ஒருமுறை இளையவள் அந்தக் கையைத் தாண்டிப் போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டபோது பளீரென்று ஒரு அறை விழுந்தது. குளித்து, தலையை அலசி, வேலைச் சேலையைத் தனியாக அலசிக் கறிவேப்பிலைக் கிளையில் காயப்போட்ட பிறகுதான் எங்களைக் கூப்பிடுவாள். அதற்குள் நாங்கள் முறுக்கிக்கொண்டிருப்போம். கூப்பிட்டாலும் போக மாட்டோம்.

அப்பாவும் அதே வேலைதான். வேறு ஆலை, மருந்து சலிக்கிற இடம். ஆனால் அப்பா வந்தால் வந்த கோலத்திலேயே திண்ணையில் உட்கார்ந்து எங்களை மடியில் தூக்கிப் போட்டுக்கொள்வார். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப் போயிருக்கிறோம். எங்கள் பாய், தலையணை, பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் விரல் தடம் இருக்கும். அதற்காக அம்மா அவரோடு போடாத சண்டையில்லை. சண்டையில் நாங்கள் எப்போதும் அப்பா பக்கம். அம்மாவுக்கு எங்களைத் தொடப் பிடிக்கவில்லை என்று இருட்டில் படுத்துக்கொண்டு எங்களுக்குள் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. பிறகு வளர்ந்தோம், காரணம் புரிந்தது. புரிந்தபின்னும் அந்த முறுக்கு முழுதாக அவிழவில்லை. இன்றைக்கும் ஊருக்கு வந்தால் அம்மாவுக்கு இரண்டடி தள்ளித்தான் உட்காருகிறோம், பழக்கம்.

அந்த ஞாயிறு மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எறிகிற இடத்தில் நிறுத்தி, மஞ்சளாய்த் தெரிவது முட்டை என்று இளையவள் விளக்கினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆம்பளப் பூச்சி என்ன செய்யும்?"

இருக்கிற இடத்திலேயே விட்டுவிடும் என்று மூத்தவன் சொன்னான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். "ஒங்கப்பா... அப்படியே ஒங்கப்பா" என்று மட்டும் இடையில் சொன்னாள். சிரித்து ஓய்ந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு இளையவள் பக்கம் திரும்பினாள். "ஒன்ன ஒரு நா அடிச்சேன் தாயி. ஞாபகமிருக்கா?"

இல்லை என்று இளையவள் சொன்னாள். மூத்தவன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை போனபோது கொழுந்து இல்லை. மூங்கில் குச்சி மட்டும் கட்டின கயிற்றோடு நின்றது. "அடுத்த மாசம் கொடை வருது, எலைக்கு எங்க போறது? எல்லாத்தையும் ஒடிச்சு ஓடைக்கு அந்தாண்ட கொண்டுபோய்ப் போட்டுட்டேன்" என்றாள் அம்மா. குப்பைக்குழி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓடை கால் மைல் தூரம். வேகமான கேமரா ஒன்றை வாடகைக்குப் பேசி எடுத்து வந்திருந்த மூத்தவன் கொஞ்சம் கோபப்பட்டான். பிறகு அம்மா போட்ட காப்பியைக் குடித்தான்.

சாயங்காலம் அம்மாவோடு முன்பு வேலை பார்த்த நான்கு பெண்கள் வந்தார்கள். அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். திண்ணையில் வரிசையாய் உட்கார்ந்து, எங்கே அந்தப் படம் என்றார்கள். போட்டோம். வால் வளைந்தது, உருண்டை வந்தது, போயிற்று. ஒருவரும் சத்தம் காட்டவில்லை. அவர்களில் மூத்தவர் தன் உள்ளங்கைகளைச் சேலையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, "அந்த எடத்த இன்னொரு தடவ போடுய்யா" என்றார்.